செள்ளுக்கடி

காலில் அரிக்கிறது என்று கொம்பையா சொன்ன அன்று, முத்துமாலை மடியில் வைத்திருந்த பீடித்தட்டைக் கவிழ்த்துவிட்டாள். தூளும் வெட்டிய இலையும் கத்தரியும் தரையில் சிதறின. ஒரு பிடி தூள் சிந்தினாலே வயிற்றெரிச்சல் படுகிறவள், அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"காலு அரிக்கிட்டி. இடது காலு. முட்டுக்குக் கீழ."

மூன்று வருஷமாக அந்தக் கால்கள் இரண்டும் வீட்டுச் சாமான் மாதிரிதான் கிடந்தன. அவள்தான் அவற்றை எடுத்து வைப்பாள், திருப்பி வைப்பாள், துடைப்பாள், எண்ணெய் தேய்ப்பாள். போன மாசியில் வெந்நீர்ச் செம்பு சரிந்து பாதத்தில் கொட்டிக் கொப்புளம் எழும்பியபோதுகூட அவன் அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பார்த்து அலறியது அவள்தான். அந்தக் காலா அரிக்கிறது?

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொறிந்தாள். "இங்கனயா?"

"கொஞ்சம் கீழ."

"இங்கனயா?"

"அங்கனதான். பைய, பைய... அங்கனதான்."

சொறிந்துகொண்டே அழுதாள். அழும்போதே சிரிப்பும் வந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், தூள் காரத்தில் இரண்டு தும்மல் போட்டாள். கொம்பையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொம்பையா வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன். சேரன்மகாதேவிக்கு மேற்கே கன்னடியன் கால்வாயை ஒட்டிப் போகிற வயல் பற்றெல்லாம் வாழைதான். வெட்டிய தாரைத் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி, வழுக்குகிற வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்து லாரியில் அடுக்க வேண்டும். தாருக்கும் தாருக்கும் இடையில் சருகு திணித்து ஒரு காய் நசுங்காமல் அடுக்குவதில் அவன் கைக்கு ஒரு பேர் இருந்தது. கேரளாவுக்குப் போகிற வண்டி என்றால் கொம்பையா வரட்டும் என்று காத்துக் கிடப்பார்கள். ஒரு கார்த்திகை மழையில், லோடுக்கு மேலே நின்று வடத்தை இழுத்துக் கட்டும்போது வடம் அறுந்தது. கால்வாய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முதுகு அடிக்க விழுந்தான். தொப்புளுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

முதல் வருஷம் ஆள் வந்தார்கள், போனார்கள். இரண்டாம் வருஷம் அவன் பேச்சைக் குறைத்தான். வாழைக்கு அடிக்கிற மருந்து டப்பா எங்கே இருக்கிறது என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டான். அவள் அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டுபோய் வயல்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாம் வருஷம் இரண்டு பேருக்குமே பேச ஒன்றும் இல்லை. பிள்ளைகுட்டியும் கிடையாது. ஒரே அறை, ஒரே வாசல். பீடி சுற்ற வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் வாசல் பக்கம்தான் வரும். ஆகவே அவள் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அவனுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பில் புண் வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்குக் கட்டின கயிறு. பீடிக்கடை வரை போகலாம், ரேஷன் கடை வரை போகலாம். அம்மன்கொடைக்குப் பிறந்த ஊர் போகவில்லை. அத்தை செத்ததற்கும் போகவில்லை.

அதனால்தான் காலில் அரிக்கிறது என்ற சொல் விழுந்ததும் அவள் மனசு எங்கெங்கோ ஓடியது. இந்த ஆளை நடக்க வைத்துவிட்டால் ஒரு சாரலுக்காவது குற்றாலம் போய் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்தாள். முதலில் நினைத்தது அவன் காலை அல்ல, தன் காலைத்தான். அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த பத்துப் பதினைந்து நாள் அந்த வீடு வீடு மாதிரி இருந்தது. கொம்பையா முகம் மழிக்கச் சொன்னான். கானத்துவையல் அரைக்கச் சொன்னான். முருங்கைக்கீரை போட்டுக் கூட்டாஞ்சோறு கேட்டான், கேட்டதைத் தின்னவும் செய்தான். அரிப்பு இடது காலிலிருந்து வலது காலுக்கு வந்தது. அவள் வேலையை நிறுத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து சொறிவாள். சொறிகிற நேரத்தில் சும்மா இருக்க முடியுமா? பீடிக்கடையில் எவள் எவளோடு சண்டை போட்டாள், தெருக்குழாயில் தண்ணீர் எத்தனை நாளாக வரவில்லை என்று ஊர்க்கதை எல்லாம் ஓடும். அவனும் பதிலுக்கு, கொல்லத்தில் லோடு இறக்கிவிட்டு மீன்கறி சாப்பிட்ட கதையைச் சொல்லுவான். ஐந்து தடவை கேட்ட கதைதான். ஆறாவது தடவையும் சிரித்தாள்.

செய்தி சிவசைலத்துக்குப் போயிற்று. சிவசைலம் கொம்பையாவோடு லோடு ஏற்றினவன், குரல் தெரு முனையில் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுக்குக் கம்பும் கடப்பாரையுமாக வந்து நின்றான்.

"என்னவே, காலு முழிச்சிட்டாமே! எந்திரிச்சு நிக்கதுக்குப் பிடிமானம் வேண்டாமா? மைனி, அந்தத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வையிங்க."

"எதுக்குவே இப்பவே?" என்றான் கொம்பையா.

"பெறகு எப்போ? ஆஸ்பத்திரியில இதேபோலத்தான் ரெண்டு கம்பு போட்டு நடுவுல நடக்க விடுதான். நான் பாத்திருக்கேன்லா. ஆவணிக்குள்ள உம்ம லாரியில ஏத்தலன்னா என் பேரை மாத்திக்கிடும்."

தரையைக் கொத்தி நான்கு கம்பு நட்டு, குறுக்கே இரண்டு கம்பு கட்டிவிட்டுப் போனான். பத்தடி அறையில் கட்டில் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம், நடுவே தொழுவத்து அடைப்பு மாதிரி அந்தக் கம்புகள். அடுப்புக்குப் போகிறபோதெல்லாம் முத்துமாலைக்கு இடுப்பில் இடித்தது. இடிக்கட்டும் என்று இருந்தாள். சுடலைமாடசாமிக்கு ஒரு சேவலும் நேர்ந்துகொண்டாள்.

அந்தச் சேவலும் நான்கு கோழிகளும் வீட்டுக்குப் பின்னால் இருந்தன. கூடு கொம்பையா கட்டினது. மூன்று பக்கம் செங்கல், நாலாவது பக்கம் வீட்டுச் சுவர். ஒரு சுவர் மிச்சம் என்று அப்போது பெருமையாகச் சொன்னான். பழைய கதவுப் பலகைகளை உள்ளே குறுக்கே போட்டு, மேலே ஓலை வேய்ந்திருந்தான். கட்டிலின் தலைமாடு அதே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது.

வைகாசிக் கடைசியில் சாரல் முன்கூட்டியே வந்து கூடு நனைந்தது. கருங்கோழி பதினோரு முட்டையில் அடை படுத்திருந்தது. தண்ணீர் வைக்கப் போன முத்துமாலையின் கையில் பொடிப்பொடியாக ஏதோ ஏறியது. கோழி உடம்பில் ஊர்கிற பூச்சி, கோழிச்செள்ளு. பீடி சுற்றுகிற ஊரில் பல்வலி என்றாலும் அட்டை கடித்தாலும் கைக்கு முதலில் வருவது தூள்தான். அவளும் சலித்து மிஞ்சிய புகையிலைத் தூசியை இரண்டு சுளகு கொண்டுபோய்க் கூட்டில் தூவினாள், அடைக்கோழி அடியிலும் போட்டாள். காரம் தாங்காமல் கருங்கோழி எழுந்து ஓடி முருங்கைமரத்தில் ஏறிக்கொண்டது. முட்டை பதினொன்றும் கூமுட்டையாயிற்று. மற்றதுகளும் கூட்டுக்குள் கால் வைக்காமல் மரத்திலேயே அடைய ஆரம்பித்தன. செள்ளு ஒழிந்தது என்று நினைத்து அவள் அதை மறந்தே போனாள். கால் அரிக்கிறது என்று அவன் சொன்னது அதற்கு ஒரு வாரம் கழித்து.

பிரிஸில்லா மாதம் ஒரு தடவை வருகிற நர்ஸ். ராதாபுரம் பக்கத்துப் பிள்ளை, நடக்க முடியாதவர்களை வீடு தேடி வந்து பார்ப்பதற்கென்று அரசாங்கத்தில் போட்டிருந்தார்கள். ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்திவிட்டு, கம்புகளுக்குள் குனிந்து கட்டிலுக்கு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ள வேலி போட்டிருக்கீங்க?"

"காலு அரிக்கி சிஸ்டர்!" என்று முத்துமாலைதான் முந்திக்கொண்டு சொன்னாள். "ரெண்டு காலும்!"

பிரிஸில்லாவின் முகம் மலர்ந்தது. பிறகு நிதானமாயிற்று. அவன் தோளைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தாள். பொட்டுப் பொட்டாகச் சிவந்து கிடந்தது. படுத்தே கிடந்து வந்த இடுப்புப் புண்ணைச் சுற்றியும் அதே பொட்டுகள், இரண்டில் சீழ் வைத்திருந்தது. வேர்க்குரு என்று முத்துமாலை பவுடர் போட்டு வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு சின்ன சோதனை. துண்டைக் கண்ணுக்கு மேல போட்டுக்கோங்க. நான் தொடும்போது மட்டும் சொல்லணும்."

அவள் பேனா மூடியால் தோளைத் தொட்டாள். "தொடுதீங்க" என்றான். வயிற்றைத் தொட்டாள். சொன்னான். முழங்காலுக்குக் கீழே அழுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்காலில் குத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், "இப்போ?" என்றாள்.

"தொடுதீங்க" என்றான் கொம்பையா. "முட்டுக்குக் கீழ."

முத்துமாலை பார்த்துக்கொண்டே நின்றாள். பிரிஸில்லா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி அண்ணாச்சி, போதும்" என்று சொல்லிப் புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். பிறகு கட்டிலுக்கு மேலே சுவரில் ஓடிய விரிசலைப் பார்த்தாள். வெள்ளைப் பஞ்சை நனைத்து விரிசல் நெடுக ஓர் இழுப்பு இழுத்தாள். பஞ்சில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு விழுந்தது.

"அக்கா, கொஞ்சம் பின்னால வாங்க."

கூட்டுப் பலகையைத் தூக்கினாள். அடியில் சாம்பல் அப்பியது போல் இருந்தது, அந்தச் சாம்பல் நகர்ந்தது. உள்ளே கேட்காதபடி பிரிஸில்லா குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க அய்யா நூறு கோழி வளக்காங்க. எனக்கு நல்லாத் தெரியும். இது பகல்ல பலகை இடுக்குல கெடக்கும், பொழுதடைஞ்சா ரத்தம் குடிக்க வரும். கோழி எங்க?"

"மரத்துல அடையுது."

"ஏன்?"

முத்துமாலை தூள் போட்ட கதையைச் சொன்னாள். பிரிஸில்லா பலகையைப் பைய இறக்கி வைத்தாள்.

"கோழியெல்லாம் ஓடிட்டு. செள்ளு ஓடல. பசியில கெடந்து, சுவத்துக்கு அந்தப் பக்கம் சூடா ஒரு உடம்பு இருக்குன்னு போயிட்டு. அண்ணாச்சிக்கு மேல கடிக்கிறது தெரியும்க்கா. கீழ..." கொஞ்சம் நிறுத்தினாள். "மனசு ஆசைப்பட்டா இல்லாத எடத்துலயும் அரிக்கும். பொய்யின்னு சொல்லல. ஆனா காலு வரல."

"அப்போ நான்தான் கொண்டுவந்து விட்டுட்டேனா?"

"அதை விடுங்க. இன்னைக்கே ஒழிச்சிருங்க. புண்ணுப் பக்கம் கடி ஏறுது, சீழ் உள்ள போச்சுன்னா காய்ச்சல் கண்டு ஆளே போயிரும். ஓலையைக் கொளுத்துங்க. பலகைக்குக் கொதிக்கிற தண்ணி. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணியில கலக்கி இடுக்கெல்லாம் அடிங்க. சுண்ணாம்பு பூசுங்க. அந்த விரிசலைச் சிமெண்ட் வச்சு அடைங்க. ஏழெட்டு நாள் கழிச்சுத் திரும்ப ஒரு தடவை. முட்டை பொரிஞ்சு வரும்."

"அவுககிட்ட?"

"எப்படிச் சொல்லணும்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அந்தப் பிள்ளையும் பாவம், அதற்கு மேல் என்ன சொல்லும்?

முத்துமாலை அன்றைக்குக் கூட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. செள்ளைக் கொன்றால் அரிப்பு போகும். அரிப்பு போனால் அவன் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான், மருந்து டப்பாவைக் கேட்பான். கொல்லாவிட்டால் புண் அவனைக் கொல்லும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அறை அவ்வளவுதான். இடுப்பில் கம்பு இடித்தது. முன்பு இடித்ததைவிட இப்போது வலித்தது. சுற்றின பீடியெல்லாம் தலைமடக்கு கோணிக்கொண்டு போய், கடைக்காரர் பாதிக் கட்டை ஒதுக்கித் தள்ளினார். "மைனிக்கு நினைப்பு இங்கன இல்ல" என்றார். அவளுக்கு எங்கேயும் இல்லை.

கொம்பையா சொறியச் சொன்னான். சொறிந்தாள். "இங்கனயா?" என்று கேட்கவில்லை. அவனாகவே, "அங்கனதான்" என்றான். அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த மனுசனிடம் எந்த வாயால் சொல்வது, உன் கால் வரவில்லை, வந்தது என் கை போட்ட தூளுக்குப் பயந்து ஓடிவந்த பூச்சி என்று?

மூன்றாம் நாள் விடியற்காலையில் உடம்பு துடைக்கும்போது நெற்றி சுட்டது. புண்ணில் வாடை அடித்தது. அவள் பேசாமல் எழுந்து, பெரிய தவலையில் தண்ணீர் நிரப்பிப் பின்னால் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். பழஞ்சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். இது ஏதோ சண்டைக்குப் போகிற கோலம் என்று மரத்திலிருந்து கோழிகள் எட்டிப் பார்த்தன. அதுகளைப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துச் சாம்பலும் வேப்பெண்ணெயும் தடவ வேண்டும். இப்போதைக்குக் கூடு.

ஓலையை உருவிக் குழியில் போட்டு வாழைச்சருகு வைத்துக் கொளுத்தினாள். படபடவென்று வெடித்து எரிந்தது. பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்தில் சாய்த்துக் கொதிநீரை ஊற்றினாள். இடுக்குகளிலிருந்து சிவப்புக் குழம்பாக வழிந்தது. அத்தனையும் அவன் ரத்தம். கையில் ஏறியதை வழித்து வழித்து நெருப்பில் உதறினாள்.

"ஏட்டி!" விரிசல் வழியாகச் சத்தம் வந்தது. அவன் தலைமாடு அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது. "என்ன புகையடிக்கி? என்னட்டி செய்யுத?"

"கூட்டைக் கழுவுதேன்."

"இப்போ எதுக்கு?"

"சாரல்ல நனைஞ்சு நாறுதுல்லா. கோழி மரத்துலயே கெடக்கு."

அவள் கரணையால் செங்கலை உள்ளே சுரண்டினாள். தூள் கட்டியாகிப் பாசி மாதிரி ஒட்டிக் கிடந்தது.

"முத்துமால."

"ம்."

"செள்ளு எல்லாம் செத்துருமா?"

அவள் கை நின்றது. செள்ளு என்று அவள் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிரிஸில்லாவும் சொல்லவில்லை.

"செள்ளா? யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? என் கையில ஊருதது எனக்குத் தெரியாதா? நான் கட்டுன கூடுதானே."

"எப்பலேருந்து தெரியும்?"



"மொத மூணு நாலு நாளு நானும் நெசம்னுதான் நெனச்சேன். சத்தியமா அரிச்சுதுட்டி. அஞ்சாம் நாளு விடியக்கால முழங்கைய மடக்கினேன், ஒண்ணு நசுங்குச்சு. ரத்தம். மோந்து பாத்தேன், கோழிவாடை. அப்பவே தெரிஞ்சு போச்சு."

முத்துமாலை கரணையைக் கீழே போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் நின்றது.

"பெறகு எதுக்குக் கால சொறியச் சொன்னீங்க? பதினஞ்சு நாளா, சொறி, சொறின்னு? வெளையாட்டா இருக்கா? அந்த சிஸ்டர் பேனா வச்சுக் கேட்டப்பவும்..."

"குத்துமதிப்பாச் சொன்னேன்."

"ஏன்? எதுக்குங்கேன்!"

"நீ வந்து உக்காந்த."

குழியில் நெருப்பு அணைந்துகொண்டிருந்தது.

"மூணு வருசமா உன் முதுகத்தான் பாத்துட்டுக் கெடந்தேன். உன்னைக் குத்தம் சொல்லலட்டி. நீ சுத்தாட்டா சோறு இல்ல. ஆனா அரிக்கின்னு சொன்னதும் தட்டைக் கவுத்துட்டு வந்தியே. சிரிச்சியே. அடுத்த நாளும் வந்து உக்காந்த. அதெல்லாம் செள்ளுன்னு சொல்லி வெரட்டுததுக்கு எனக்கு மனசு வரல."

"கடிச்சிருக்குமே. ராத்திரியெல்லாம் கடிச்சிருக்குமே, பாவி!"

"மேலதானே கடி. கீழ கடிச்சா எனக்கென்ன?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகப் போயிற்று. "சிவசைலம் வந்து கம்பு நட்டான் பாரு, அன்னைக்குச் சொல்லிரணும்னுதான் இருந்தேன். நீ சேவல் நேர்ந்துட்டேன்னு வந்து நின்ன. எப்படிச் சொல்லுவேன்? ஒரு பொய்யச் சொல்லிட்டு, எறங்கத் தெரியாம ஏறிப்போனவன் மாதிரி ஆயிட்டு."

அவளும் சொன்னாள். தூள் போட்டதைச் சொன்னாள். நர்ஸ் சொல்லி மூன்று நாளாயிற்று, தொடத் துணியவில்லை என்று சொன்னாள். குற்றாலத்தையும் சொன்னாள். நீங்கள் எழுந்து நடந்தால் நான் இந்த அறையைவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், உங்களை நினைக்கவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"தெரியும்" என்றான்.

"அதுவும் தெரியுமா?"

"அருவியில தலையைக் குடுத்துட்டு வரணும்னு நீதான் வாய்விட்டுச் சொன்ன. சொறிஞ்சுட்டு இருக்கும்போது. உனக்கு நெனப்பில்ல."

வேலை கிடந்தது. அவள் எழுந்து வேப்பெண்ணெய்த் தண்ணீரை இடுக்கெல்லாம் அடித்தாள். சுண்ணாம்பு குழைத்து மூன்று சுவரையும் பூசினாள். நாலாவது சுவருக்குச் சிமெண்டைப் பிசைந்தாள். பிறகு தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு விரிசல் முன்னால் குந்தினாள்.

"இதை அடைக்கணும்" என்றாள்.

"அடை."

"சத்தம் கேக்காது பெறகு."

"செள்ளு வராதுல்லா. அடை. ஏதாவது பேசிக்கிட்டே பூசு."

கீழிருந்து மேலாகப் பூசிக்கொண்டு வந்தாள். இந்தப் பொழுதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போகிறேன், காய்ச்சல் அடிக்கிறது, முரண்டு பிடிக்கக் கூடாது என்றாள். சிவசைலத்தைத் துணைக்குக் கூப்பிட வேண்டும், அவனிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொல்ல மாட்டேன் என்றாள். கம்பைப் பிடுங்க வேண்டுமா, அப்படியே இருந்தால் துணி காயப்போடவாவது ஆகுமா என்று கேட்டாள். அவன் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். விரிசல் சுருங்கச் சுருங்க அவன் குரலும் சின்னதாயிற்று. கடைசி விரல்கடை இடம் இருக்கும்போது அவன் ஏதோ கேட்டான். அவளுக்கு விளங்கவில்லை. அதற்குள் கை பழக்கத்தில் அப்பிவிட்டது.

சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கையில் சிமெண்டோடு வீட்டைச் சுற்றி ஓடி, வாசல்படி தடுக்கி, கம்புகளுக்குள் குனிந்து கட்டிலுக்குப் போய் நின்றாள்.

"என்ன கேட்டீங்க?"

கொம்பையா காய்ச்சல் கண்களோடு அவளைப் பார்த்தான்.

"ஒண்ணும் கேக்கல" என்றான். "நீ வாரியான்னு பாத்தேன்."